உபவாசத்தில் உருவானது

கந்தசஷ்டி முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை, உதயகலா ரீச்சருக்குப் பிள்ளை தங்கியிருக்கிற கதை உடுவில் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது வேறு யாருமல்ல, மாமியார் நல்லம்மாதான். மூன்று மாதம் முடியும்வரை மூச்சுக் காட்டக் கூடாது என்று ஊர்ப் பெண்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற மனுஷி, சொந்த மருமகளின் விஷயத்தில் மூன்று நாள் பொறுக்கவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. மகனுக்குக் கலியாணம் முடிந்து எட்டு வருஷம். கொழும்புவரை போய்க் காட்டாத டொக்டர் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. போகிற வீடெல்லாம் "இன்னும் ஒண்டுமில்லையோ?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்த வாய் அது. இப்போது அதற்கு நல்லதாய் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, சும்மா இருக்குமா?

"முருகன் தந்தது. ஆறு நாளும் பச்சைத் தண்ணியோடை இருந்தவள் என்ரை மருமகள். ஒரு சொட்டுப் பால் வாயிலை படேல்லை. ஏழாம் நாள் பாறணை, அடுத்த மாசம் பிள்ளை. இதுக்கு மேலை என்ன அத்தாட்சி வேணும்?"

வந்தவர்கள் வாழைப்பழமும் தோடம்பழமும் கொண்டுவந்தார்கள். வாழ்த்தினார்கள். உதயகலா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், சிரித்தாள், அவர்கள் போனதும் சுவரில் தொங்கிய கலண்டரைப் போய்ப் பார்த்தாள். எத்தனை தரம் பார்த்தாலும் கணக்கு மாறவில்லை. பிள்ளையை விரதம் தரவில்லை. விரதத்துக்குக் காப்புக் கட்டிய அன்றைக்கே பிள்ளை அவள் வயிற்றில் இருந்தது.

இதிலென்ன, நல்ல விஷயம்தானே என்று வேறொருத்தி பேசாமல் இருந்துவிடுவாள். ஆனால் இவள் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். பன்னிரண்டு வருஷமாக வருஷா வருஷம் அதே பாடத்தைக் கரும்பலகையில் கீறுகிறவள். கருவின் மூன்றாவது கிழமை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். எள்ளளவான ஒரு தட்டு. அதன் நடுவில் ஒரு கோடு விழும். மேலே இருக்கிற உயிர்க்கலங்கள் அந்தக் கோட்டு வழியாக உள்ளே இறங்கிப் பரவும். இரண்டு அடுக்காக இருந்த தட்டு மூன்று படையாகும். புறப்படையிலிருந்து தோலும் மூளையும் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணும். நடுப்படையிலிருந்து எலும்பும் தசையும் இதயமும் இரத்தமும். அகப்படையிலிருந்து குடலும் ஈரலும் சுவாசப்பையும். ஒரு மனிசனின் முழு உடம்புக்கும் முதல் வரி கீறப்படுகிற கிழமை அது. அந்தக் கிழமையில்தான் இவள் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் உள்ளே விடவில்லை. பிள்ளை வேண்டும் என்று கேட்டு, வந்திருந்த பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறாள்.

அதோடு முடிந்திருந்தாலும் மனசை ஆற்றியிருக்கலாம். இன்னொன்றும் இருந்தது. அது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கலியாணமான புதிதில் மருத்துவமாது கொடுத்த போலிக் அமிலக் குளிசையை எட்டு வருஷமாக ஒழுங்காய்ப் போட்டுவந்தவள், போன ஆவணியில், நல்லூர்த் தேருக்குப் போய்வந்த அன்று, கூட்டத்தில் யாரோ கேட்ட கேள்வியின் எரிச்சலில் அந்தப் பக்கெற்றுகளை அப்படியே குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டாள். இனி என்னத்துக்கு என்று. படைகள் மூன்றானபின், அடுத்த கிழமை, புறப்படையின் நடுப்பகுதி மடிந்து ஒரு குழாயாக மூடவேண்டும். அதுதான் மூளையும் முண்ணாணும். மூடாவிட்டால் பிள்ளை முதுகில் பிளவோடு பிறக்கும், நடக்குமோ தெரியாது. அது மூடுவதற்குத்தான் அந்தக் குளிசை. பிள்ளைகளுக்குச் சோதனைக்கு வரும் என்று சிவப்புச் சோக்கால் அடிக்கோடு போட்டுச் சொல்லிக் கொடுப்பவள் இவள்.

விரதம் அவளாக விரும்பி எடுத்ததும் இல்லை. ஆறு வருஷமாக அவளுக்காக நல்லம்மாதான் பிடித்துவந்தார். இந்த வருஷம் சீனி வருத்தம் கூடி, ஊசி போடும் நிலைமைக்கு வந்ததால், டொக்டர் விரதம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். "அப்ப இந்த முறை ஆர் பிடிக்கிறது?" என்று நல்லம்மா கேட்டது சாமி விளக்கைப் பார்த்துத்தான். ஆனால் விளக்கா விரதம் பிடிக்கும்? "நான் பிடிக்கிறன் மாமி" என்று இவள் சொல்லிவிட்டாள். செய்வதென்றால் அரைகுறையாகச் செய்யத் தெரியாத பிறவி. எல்லாரும் பின்னேரத்தில் பாலும் பழமும் எடுக்க, இவள் முழு உபவாசம். நாலாம் நாள் கோயிலிலிருந்து வரும்போது தலைசுற்றி வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குசினியில் போய் ஒரு கோப்பை பால் ஊற்றி வாய்வரைக்கும் கொண்டுபோனாள். நல்லம்மா வந்து, அடித்துப் பறிக்கவில்லை, அன்பாகத்தான் அதை வாங்கி வைத்தார்.

"இவ்வளவு தூரம் வந்திட்டாய் பிள்ளை. இன்னும் ரெண்டு நாள்தானே."

மாதம் தள்ளிப்போனதை அவள் கவனித்தாள். எப்போதும் ஒழுங்கில்லாமல் வருவதுதானே, பட்டினியால் இன்னும் குழம்பியிருக்கும் என்று விட்டுவிட்டாள். எட்டு வருஷத்தில் எத்தனை தரம் கர்ப்பம் பார்க்கும் அந்த ரெஸ்ட் கீலத்தை வாங்கி, ஒற்றைக் கோட்டைப் பார்த்து அழுதிருப்பாள்! இனி அந்தப் பக்கமே போவதில்லை என்றிருந்தாள். மார்கழி தொடங்கி, காலையில் சம்பல் மணத்துக்கே ஓங்காளிக்கத் தொடங்கிய பிறகுதான் வாங்கிப் பார்த்தாள். இரண்டு கோடு. அந்தச் சந்தோஷம் அவளுக்கு ஒரு கால்மணித்தியாலம் நின்றிருக்கும். அதற்குள் கணக்குப் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. இருந்தால் எழும்புவாள், எழும்பினால் நடப்பாள். கூட்டின முற்றத்தைத் திரும்பக் கூட்டுவாள். மருத்துவமாது வீட்டுக்கு வந்து கர்ப்பத்தைப் பதிந்தபோது, "குளிசை விடாமல் போட்டனீங்கள்தானே ரீச்சர்?" என்று கேட்டாள்.

"ஓம்."

அவ்வளவுதான். ஒரு சொல். வெற்றிலை போட்ட வாயோடு பக்கத்தில் நின்ற நல்லம்மா, "அவள் எல்லாம் ஒழுங்கு" என்று தலையாட்டினார். பிறகு அந்த ஓமைத் திருப்பி வாங்க அவளுக்கு வழி தெரியவில்லை. கணவன் குகதாசனிடம் சொல்லலாம். மின்சார சபையில் வேலை, நல்ல மனுஷன், அவள் சொன்னால் கோபிக்கவும் மாட்டான். ஆனால் அவனுக்குத் தெரிந்தது விடிந்தால் தாய்க்குத் தெரியும். பால் கோப்பையை வாங்கி வைத்த கை நல்லம்மாவினுடையது. அதை எப்படிச் சொல்வது?

தை மாதம் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தது. வேறு ரீச்சரிடம் தள்ளிவிட நினைத்தாள், ஆளில்லை. வழக்கம்போல அடுத்த வீட்டு அருமைநாயகியிடம் போய், அடைக்கோழியின் கீழே இரண்டு மூன்று நாள் இருந்த முட்டைகள் வாங்கினாள். அருமைநாயகி முட்டையைத் துணியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, "உவள் அடையிலை ஏறினால் தீன் தண்ணி ஒண்டுமில்லை ரீச்சர். உங்களைப் போலை பெரிய விரதக்காரி" என்று சிரித்தாள். உதயகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோழிக்குஞ்சின் சாப்பாடு முழுக்க முட்டைக்குள்ளேயே இருக்கிறது, தாய் தின்றாலென்ன தின்னாவிட்டாலென்ன என்று பாடம் நடத்த வாய் உன்னியது. அடக்கிக்கொண்டாள்.

ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் சுற்றி நிற்க, முட்டையின் மேலே சின்னதாய் யன்னல் வெட்டினாள். "தோலும் மூளையும் ஒரே படையிலையிருந்துதான் வாறது. எருமைத்தோல் ஆக்களுக்கு ஏன் மூளையிலையும் ஒண்டும் ஏறாதெண்டு இப்ப விளங்குதோ?" என்று வருஷா வருஷம் விடும் பகிடியையும் விட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மஞ்சள் கருவுக்கு மேலே சிவப்புப் புள்ளியாய் இதயம் துடித்தது. "ஐயோ ரீச்சர், உயிரோடை!" என்று எல்லாரும் அதையே பார்த்தார்கள். அவள் பார்த்தது முதுகை. உருப்பெருக்கி வில்லையைக் குவியப்படுத்தித் தலையிலிருந்து கீழே வந்தாள். தலைப்பக்கம் மூடியிருந்தது. நடுவில் மூடியிருந்தது. வால்பக்கம் திறந்திருந்தது.

அந்த வயதில் வால்பக்கம் திறந்துதான் இருக்கும், அது கடைசியாகத்தான் மூடும் என்பது அவளே எழுதிக்கொடுத்த குறிப்பில் இருக்கிறது. தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. இரண்டாவது முட்டையை வெட்டினாள், மூன்றாவதையும் வெட்டினாள். "காணும் ரீச்சர், பாவம்" என்றாள் ஒருத்தி. அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். படித்த படிப்பு ஒன்றுக்கும் உதவாமல், பயமுறுத்த மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது.

மாசியில் பெரிய ஸ்கான். பிள்ளையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கான். முதுகு மூடியிருக்கிறதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். குகதாசனுக்கு லீவு கிடைக்கவில்லை. நல்லம்மா புதுச்சேலை உடுத்து, திருநீற்றுச் சரையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் வாறன்" என்று வெளிக்கிட்டு நின்றார். யாழ்ப்பாணம் ரவுணுக்குள் ஒரு தனியார் கிளினிக். கதிரைகள் நிறையப் பெண்கள். உதயகலா கதிரையில் இருக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலோடு அந்த நடை ஓடைக்குள்ளேயே மேலும் கீழுமாக நடந்தாள்.

நல்லம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு இளம்பெண் இருந்தாள். பேர் தர்சினி, உடுப்பிட்டி. எத்தனை மாசம் என்று நல்லம்மா கேட்க, அவள் தலையைக் குனிந்தாள்.

"எனக்கு இன்னும் இல்லை அம்மா. டொக்டரிட்டைக் காட்ட வந்தனான். அஞ்சு வருசமாச்சு."

நல்லம்மாவுக்கு அது போதும். கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "பிள்ளை, உந்தக் குளிசையளை நம்பித் திரியாதையும். அந்தா நடக்கிறாள், அவள் என்ரை மருமகள். எட்டு வருசம் விழுங்கினவள், ஒண்டும் நடக்கேல்லை. கந்தசட்டிக்கு ஆறு நாள் பச்சைத் தண்ணி. இப்ப பாரும்!"

தர்சினி எழும்பி உதயகலாவிடமே வந்துவிட்டாள். கண் இரண்டும் பளபளத்தன.

"அக்கா, தண்ணி மட்டுமோ? அந்த நாளுகளிலை குளிசையும் போடேல்லையோ?"

"போடேல்லை."

"அப்ப நானும் அப்பிடித்தான் இருக்கப்போறன். எல்லாத்தையும் விட்டிட்டுப் பாரத்தை அவனிலை போட்டாத்தான் கேப்பான்போலை. இல்லையே அக்கா?"

ஒரு ஓம் சொன்னால் முடிந்தது. அது பழகின ஓம்தான், நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது உதயகலாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. நான் செய்த பிழையை இவளும் போய்ச் செய்வாள், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன், என்ன?

"இல்லைத் தங்கச்சி," என்றாள். குரல் வகுப்பில் போல உயர்ந்துவிட்டது. "முருகன் விரதத்துக்குத் தந்ததில்லை. விரதம் தொடங்கேக்கையே பிள்ளை என்ரை வயித்திலை இருந்தது. எனக்குத் தெரியாது. அது தன்ரை உடம்புக்குப் படை போடுற கிழமையிலைதான் நான் அதைப் பட்டினி போட்டனான். குளிசையும் ஆவணியிலையே எறிஞ்சிட்டன். ஆருக்கும் சொல்லேல்லை. இண்டைக்குப் பிள்ளையின்ரை முதுகு மூடியிருக்கோ, பிளந்திருக்கோ எண்டு பாக்கத்தான் இஞ்சை நிக்கிறன். நீர் கும்பிடும், விரதமும் பிடியும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா குளிசையை விடாதையும். மாதம் தள்ளினால் முதல்லை ரெஸ்ட் பண்ணிப் பாரும். வயித்திலை ஒண்டு இருக்கேக்கை பட்டினி கிடவாதையும்."

ஓடையில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். திருநீற்றுச் சரையை எடுக்கப் போன நல்லம்மாவின் கை இடுப்பிலேயே நின்றது. மாமியாரின் முகத்தைப் பார்க்க உதயகலாவுக்குத் துணிவு வரவில்லை. அந்த நேரத்தில்தான் தாதி வந்து அவள் பேரைக் கூப்பிட்டாள்.

உள்ளே, டொக்டர் ஸ்கானைத் தொடங்கினார். வயிற்றில் பூசிய களிம்பு குளிர்ந்தது. திரையில் கறுப்பும் வெள்ளையுமாய் என்னவோ நெளிந்தது. நல்லம்மா கூடவே வந்து கதவோரம் நின்றார். டொக்டர் கருவியைத் திருப்பித் திருப்பி ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தார். உதயகலாவால் பொறுக்க முடியவில்லை.

"டொக்டர், நான் ஒரு பொய் சொன்னனான். போலிக் அமிலம் நான் போடேல்லை. மூண்டாங் கிழமை ஆறு நாள் சாப்பிடவும் இல்லை."

டொக்டர் திரும்பிப் பார்த்தார். முகம் இறுகியது. "ரீச்சர் ஒராள் இப்பிடிச் செய்யலாமோ? முந்தியே சொல்லியிருக்க வேணும்." பிறகு திரையைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். "இந்தா பாருங்கோ. முள்ளந்தண்டு. மேலையிருந்து கீழைவரைக்கும் வடிவா மூடியிருக்கு. மூளையும் சரி. இதயத்திலை நாலு அறையும் தெரியுது."

"இன்னொருக்கா பாருங்கோ டொக்டர். கீழ்ப்பக்கம்."

"பாத்திட்டன்."

"இன்னும் ஒருக்கா."

அவர் இன்னும் ஒருக்கா காட்டினார். சின்னச் சின்ன வெள்ளை முத்துகள் இரண்டு வரிசையாகப் போய், அடியில் நெருங்கிச் சேர்ந்தன. பிளவில்லை. "முந்திப் போட்டதும் சாப்பாட்டிலை வந்ததும் உடம்பிலை கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும். உங்கடை நல்ல காலம். எல்லாருக்கும் இப்பிடி அமையாது" என்றார். உதயகலா விக்கி விக்கி அழுதாள். எத்தனையோ நாளாய் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்று அந்தக் கட்டிலில் வைத்து நின்றது.

ஓட்டோவில் திரும்பினார்கள். மருதனார்மடம் தாண்டியபிறகு, வெளியே பார்த்தபடி நல்லம்மா சொன்னார்.

"அப்ப நாங்கள் கேக்க முதலே அவன் தந்திட்டான்."

அப்பாடா என்றிருந்தது உதயகலாவுக்கு. முருகன் எப்படியும் வென்றுவிடுவான், நல்லம்மாவும் தேறிவிடுவார் என்று நினைத்தாள். ஆனால் நல்லம்மா முடிக்கவில்லை.

"தந்ததைப் பட்டினி போட்டது நான். பாலை உன்ரை கையிலையிருந்து வாங்கினது நான்தானே."

"உங்களுக்குத் தெரியாதுதானே மாமி. எனக்கே தெரியாது."

"நீ ஒண்டும் பெறாதவள், உனக்குத் தெரியாது. நான் நாலு பெத்தவள். உன்ரை முகத்தைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

வீட்டுக்கு வந்து நல்லம்மா சேலையை மாற்றிச் சமைத்தார். கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, பருப்பு. மருமகளுக்கு நிறையப் போட்டுக் கொடுத்தார். தான் சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. பிறகு சாப்பிடுவேன் என்றார். பின்னேரம் குகதாசன் விசயத்தைக் கேட்டுத் துள்ளிக்கொண்டு வந்தபோதும் அவருடைய சோறு சட்டியில் அப்படியே இருந்தது. குசினி நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தார். ஊசி போட்டு எத்தனையோ மணித்தியாலம். உதடு வெளிறி, நெற்றி வியர்த்திருந்தது.

"அம்மா, விசர் வேலை பாக்காதையுங்கோ. சீனி இறங்கினால் விழுந்துபோவியள்" என்று மகன் கெஞ்சினான்.

"ஒரு நாள்தானே தம்பி. என்னை விடு. எனக்குச் சோறு இறங்காது."

உதயகலாவுக்கு விளங்கிவிட்டது. இது நேர்த்தியும் இல்லை, விரதமும் இல்லை, தண்டனை. தன்னைப் போட்டு அரித்த அதே மன அந்தரத்தைத்தான் இன்றைக்கு இந்த மனுஷியின் தலையில் இறக்கிவைத்துவிட்டு, தான் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறாள். முதுகு மூடியிருக்கிறது, மூளை சரி, இதயம் சரி என்று எத்தனை தரம் சொன்னாலும் இது தீராது. மூன்று மாதம் அந்தக் கணக்கோடு படுத்தெழும்பியவளுக்கு அது தெரியாதா?

சாப்பாட்டுக் கோப்பையை எடுத்தாள். சோறு போட்டாள், குழம்பு விட்டாள், முருங்கையிலை வறையும் வைத்தாள். நல்லம்மாவுக்கு முன்னால், பாரமான வயிற்றோடு மெல்லக் கீழே இருந்து, கோப்பையை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"சரி மாமி. நீங்கள் சாப்பிடாட்டி நானும் சாப்பிடேல்லை. ரெண்டு பேரும் இருப்பம். பச்சைத் தண்ணியோடை."

நல்லம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "உனக்கென்ன விசரே? வயித்திலை பிள்ளையை வைச்சுக்கொண்டு!"

உதயகலா கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நல்லம்மா அவளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். அவசரமாய்க் கோப்பையை இழுத்துச் சோற்றைக் குழைத்து ஒரு பிடி அவள் வாய்க்குக் கொண்டுபோனார். உதயகலா வாயை இறுக்கி மூடித் தலையைத் திருப்பினாள். அந்தப் பிடியை நல்லம்மா தன் வாய்க்குள்ளேயே திணித்தார். மென்றுகூடப் பார்க்கவில்லை.

"பார், விழுங்கிட்டன்" என்றார், கண்ணால் ஓடியதைத் துடைக்காமல், அடுத்த பிடியை அவள் முன்னால் நீட்டி. "இப்ப நீ."